கடிகாரம் சரியா ஓடுதுன்னு எதை வச்சு சொல்றோம்?

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஆபீஸில் உட்கார்ந்து லாக் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சர்வர் 10:42:07.900-க்கு அனுப்பிய செய்தி, இன்னொரு சர்வருக்கு 10:42:07.480-க்கே வந்து சேர்ந்திருந்தது. தபாலில் போடுவதற்கு முன்னாலேயே வீட்டு வாசலுக்கு வந்த கடிதம் மாதிரி. இப்படி ஒன்று நடக்காது என்பதால், ஏதோ ஒரு கடிகாரம் தப்பு என்பது மட்டும் தெரிந்தது. எது?

மொத்தம் மூன்று சர்வர்கள். முதல் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. மூன்றாவது மட்டும் அரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கி இருந்தது. அதை அமைத்தவன் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன். ஆபீஸில் எல்லாரும் எடுக்கிற இடத்தில் நேரத்தை எடுக்காமல், தனியாக ஏதோ செட்டிங் போட்டிருந்தான். "மத்த ரெண்டும் ஒத்துப்போகுது, உன்னோடது மட்டும் ஏன் தனியா நிக்குது?" என்கிற தொனியில், மேனேஜரையும் சேர்த்து ஒரு மெயில் தட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் என் மேஜைக்கு வந்தான். "அண்ணா, ரெண்டு ஒத்துப்போச்சுன்னா அது சரியான நேரம்னு ஆயிடுமா?" என்று கேட்டான்.

அந்த விஷயம் எப்படி முடிந்தது என்று கடைசியில் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு கடிகாரம் "சரி" என்றால் என்ன அர்த்தம்? இன்னொரு கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது என்றா? அப்படியென்றால் அந்த இன்னொன்று எதோடு ஒத்துப்போகிறது? பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நேற்றைய வினாடியை இன்றைக்குக் கொண்டுவர முடியாது

நீளத்தை அளப்பது சுலபம். இரண்டு கயிறு சம நீளமா என்று பார்க்க, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். நேரத்தில் அந்த வசதி கிடையாது. நேற்று சாயங்காலம் ஓடிய ஒரு வினாடியை எடுத்து வந்து, இன்றைய வினாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியே இல்லை. நேற்றையது போய்விட்டது.

அதனால் என்ன செய்கிறோம்? திரும்பத் திரும்ப நடக்கிற ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "இது ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம் எடுக்கும்" என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு கடிகாரம் வேண்டும். கலிலியோ தேவாலயத்தில் ஆடிய விளக்கைத் தன் நாடித்துடிப்பை வைத்து அளந்தார் என்று ஒரு கதை உண்டு. அதே காலகட்டத்தில் சான்டோரியோ என்ற இத்தாலிய மருத்துவர், ஊசலை வைத்து நாடித்துடிப்பை அளக்க ஒரு கருவி செய்தார். இது கதையில்லை. நாடியை வைத்து ஊசல், ஊசலை வைத்து நாடி. யார் யாருக்குச் சாட்சி?

நியூட்டன் 1687-ல் இதற்கு ஒரு பதில் வைத்தார். வெளியே எதையும் சாராமல், தன்பாட்டுக்குச் சீராக ஓடுகிற ஒரு உண்மையான நேரம் இருக்கிறது. நம் கடிகாரங்கள் எல்லாம் அதன் அரைகுறை நகல்கள் என்றார். முற்றிலும் சீரான அசைவு என்ற ஒன்று உலகத்தில் இல்லாமலே கூட இருக்கலாம் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். நல்ல பதில்தான். ஆனால் அந்த உண்மையான நேரத்தை யாரும் பார்க்க முடியாது என்றால், என் சர்வர் அதோடு ஒத்துப்போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சூரியனும் ஊசலும்

நடந்த வழக்குகளைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாகும்.

முதல் குற்றவாளி சூரியன். நிழல் கடிகாரத்தை நல்ல கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால், நவம்பர் தொடக்கத்தில் நிழல் சுமார் 16 நிமிடம் முந்தி நிற்கும். பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் பிந்தி நிற்கும். ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை உள்ள இடைவெளி வருடம் முழுக்க ஒரே அளவு இல்லை. இது கடிகாரம் வந்த பிறகு தெரிந்தது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே தாலமிக்கு இது தெரியும். சூரியனின் நகர்வை நட்சத்திரங்களின் பின்னணியில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். காரணமும் நமக்குத் தெரியும்: பூமியின் பாதை நீள்வட்டம், அச்சு சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டையும் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் அப்படியே வந்துவிடும்.

இரண்டாவது வழக்கு ஊசல். 1656-ல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்தார். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வரை தப்பிய கடிகாரங்கள் இருந்த காலத்தில், தவறு சில வினாடிகளுக்கு இறங்கியது. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரிபார்த்த ஊசலோடு தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குப் போனார். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள ஊர். அங்கே கடிகாரம் ஒரு நாளைக்கு சுமார் இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். "கயேனில் பூமி வேகமாகச் சுற்றுகிறது" என்று யாரும் சொல்லவில்லை. "கயேனில் நேரமே மெதுவாக ஓடுகிறது" என்றும் சொல்லவில்லை. ஊசல் ஆடுவது ஈர்ப்பால். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஈர்ப்பு கொஞ்சம் குறைவு, ஏனென்றால் பூமி சுற்றுகிறது, நடுவில் புடைத்தும் இருக்கிறது. நியூட்டனே இந்த அளவீட்டை எடுத்துக்கொண்டு பூமியின் வடிவத்தைப் பற்றிப் பேசினார்.

ஆக, ஒரு கடிகாரத்தை நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது இல்லை. அது எந்த விதியால் ஓடுகிறது, எதெல்லாம் அதைத் தொந்தரவு செய்யும் என்று தெரிந்து, அந்தத் தொந்தரவைக் கழித்துவிட்டு நம்புவது.

பூமியே மெதுவாகிறது என்றால், எதோடு ஒப்பிட்டு?

மூன்றாவது வழக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குற்றவாளி பூமி.

இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் எல்லாக் கடிகாரங்களுக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் பூமியின் சுழற்சிதான். ஊசல் தப்பினால் நட்சத்திரத்தைப் பார்த்துத் திருத்துவார்கள். அப்படி இருக்கும்போது, பூமியே சீராகச் சுற்றவில்லை என்று எப்படிச் சொல்வது? அதைவிடப் பெரிய கடிகாரம் எங்கே இருக்கிறது?

சந்தேகம் சந்திரனிலிருந்து கிளம்பியது. பழைய கிரகணக் குறிப்புகளோடு ஒப்பிட்டால் சந்திரன் முன்பைவிட வேகமாகப் போவதுபோல இருக்கிறது என்று 1695-ல் ஹாலி சொன்னார். பிறகு கிரகணங்களை வைத்தே இன்னும் துல்லியமாகப் பார்த்தார்கள். கி.மு. 136-ல் பாபிலோனில் ஒரு முழு சூரிய கிரகணம் பதிவாகியிருக்கிறது. பூமி இன்றைய வேகத்திலேயே எப்போதும் சுற்றியிருந்தால் அந்தக் கிரகணம் பாபிலோனில் முழுசாகத் தெரிந்திருக்கவே கூடாது. நிழல் நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே விழுந்திருக்கும். நேரமாகப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம்.

கடல் அலை ஏற்ற இறக்கத்தின் உராய்வால் பூமி மெதுவாகிறது. நாளின் நீளம் நூறு வருடத்துக்கு சுமார் 2 மில்லிவினாடி கூடுகிறது. 2 மில்லிவினாடி எப்படி மூன்று மணி நேரம் ஆகும் என்று கேட்கலாம். 20 நூற்றாண்டில் நாளின் நீளம் கிட்டத்தட்ட 35 மில்லிவினாடி மாறியிருக்கிறது. சராசரி 17 என்று வைப்போம். 2000 வருடம் என்பது ஏழு லட்சத்து முப்பதாயிரம் நாள். பெருக்கிப் பாருங்கள், 12,000 வினாடிக்கு மேல் வரும். சின்ன வட்டி, நீண்ட காலம்.

ஆனால் தப்பு சந்திரன் மேலா, பூமி மேலா? இதை முடித்துவைத்தவர் இங்கிலாந்தின் ஹெரால்ட் ஸ்பென்சர் ஜோன்ஸ், 1939-ல். சந்திரன் மட்டும் அவ்வப்போது முன்னே பின்னே போகவில்லை; சூரியனும், புதன் கிரகமும் அதே சமயத்தில், அதே மாதிரி முன்னே பின்னே போகின்றன என்று காட்டினார். அதுவும் அவரவர் வேகத்துக்கு ஏற்ற விகிதத்தில். வானத்தில் சந்திரன் சூரியனைவிடச் சுமார் 13 மடங்கு வேகமாக நகர்கிறது. அதன் விலகலும் அதே அளவுக்குப் பெரிசு.

என் வயதுக்காரர்களுக்கு இதைச் சட்டென்று விளக்கலாம். பேட்டரி தீர்ந்துபோகிற டேப் ரெக்கார்டரில் பாட்டு கேட்டிருக்கிறோம். எஸ்.பி.பி குரலும் இழுக்கும், ஜானகி குரலும் இழுக்கும், தபலாவும் இழுக்கும். எல்லாரும் ஒரே நாளில் ஒரே அளவுக்குச் சோர்ந்துபோய்ப் பாடினார்கள் என்றா சொல்வோம்? மோட்டார் மெதுவாகிவிட்டது என்போம். சந்திரன், சூரியன், புதன் மூன்றும் ஒரே விகிதத்தில் முந்தினால், அவை மூன்றையும் அளக்கிற மோட்டாரில்தான் கோளாறு. பூமிதான் அந்த மோட்டார்.

அதன் பிறகு பூமியை நீதிபதி நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். 1960-ல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட வரையறையில், வினாடி என்பது பூமியின் சுழற்சியில் இருந்து வரவில்லை. அது சூரியனைச் சுற்றும் வருடத்தில் இருந்து வந்தது. 1900-ஆம் ஆண்டு வருடத்தின் 31,556,925.9747-ல் ஒரு பங்கு.

இதற்கெல்லாம் முன்னாலேயே, 1898-ல், பாய்ன்கரே என்ற பிரெஞ்சுக் கணித மேதை ஒரு கட்டுரையில் இதன் சாரத்தைச் சொல்லிவிட்டார். இரண்டு இடைவெளிகள் சமமா என்பதை நாம் நேரடியாக உணர முடியாது. இயற்கை விதிகளை எந்தக் கடிகாரம் எளிமையாக்குகிறதோ, அதைத் தேர்ந்தெடுக்கிறோம். பூமிதான் சரி என்று அடம்பிடித்திருந்தால், சந்திரனும் சூரியனும் புதனும் எந்தக் காரணமும் இல்லாமல் ஒன்றாகக் கூடிப்பேசி வேகத்தை மாற்றுகின்றன என்று எழுதவேண்டியிருக்கும். பூமி மெதுவாகிறது என்று ஏற்றுக்கொண்டால், ஒரே ஒரு வரி போதும்.

அணு வந்தது, ஆனாலும் ஒரு கடிகாரம் போதவில்லை

1955-ல் இங்கிலாந்தில் எஸ்ஸனும் பாரியும் சீசியம் அணுக் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். அடுத்த மூன்று வருடம், அமெரிக்காவில் மார்கோவிட்ஸ் குழுவினர் சந்திரனைப் படம் பிடிக்க, இரண்டையும் ஒப்பிட்டார்கள். வந்த எண் 9,192,631,770. 1967-ல் வினாடியின் வரையறை அதுவே ஆனது: சீசியம்-133 அணுவின் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சு அத்தனை தடவை அலைந்தால் ஒரு வினாடி.

அணுவின் பெரிய பலம், ஒரு சீசியம் அணுவுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது என்பது. ஊசலின் கம்பி நீளும், ஸ்பிரிங் தளரும், குவார்ட்ஸ் வயதாகும். அணுவுக்குத் தேய்மானம் இல்லை. ஆனால் வரையறை சொல்கிற அணு, எந்தத் தொந்தரவும் இல்லாத அணு. ஆய்வகத்தில் இருக்கிற அணுவைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கிறது, சுவரின் வெப்பம் இருக்கிறது, பக்கத்து அணு மோதுகிறது. ஒவ்வொன்றையும் அளந்து கழிக்கிறார்கள். ரிஷேயின் ஊசலுக்குச் செய்த அதே வேலைதான், கூடுதல் தசம இடங்களோடு.

அது மட்டுமில்லை. உலகத்தின் சரியான நேரம் எந்த ஒரு கடிகாரத்திலும் ஓடவில்லை என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட, பல நாடுகளில் உள்ள 400-க்கும் மேற்பட்ட அணுக் கடிகாரங்களின் கணக்குகள் பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள சர்வதேச அளவீட்டு நிலையத்துக்குப் போகின்றன. அங்கே எடை போட்டுச் சராசரி எடுக்கிறார்கள். ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்துக்கு அதிக எடை, தள்ளாடுவதற்குக் குறைவு. உங்கள் கடிகாரம் போன மாதம் எவ்வளவு தப்பியது என்கிற பட்டியல் அடுத்த மாதம் வரும். அதாவது மிகச் சரியான நேரம் என்பது, கொஞ்சம் தாமதமாகக் காகிதத்தில் பிறக்கிற ஒன்று.

இரண்டு சரியான கடிகாரங்கள் முரண்பட்டால்?

இதுவரை "எது தப்பு?" என்று தேடினோம். சார்பியல் வந்து, "இரண்டும் சரியாகவே இருக்கலாம்" என்றது.

ஊட்டிக்கு இரண்டு கடிகாரங்களைக் கொண்டுபோவோம். ஒன்று ஊசல், ஒன்று அணு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2200 மீட்டர். மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் ஊசல் ஒரு நாளைக்கு இருபது வினாடி அளவில் மெதுவாகும். அணுக் கடிகாரமோ வேகமாக ஓடும், ஒரு நாளைக்கு சுமார் 20 நானோவினாடி. ஒரே மலை, இரண்டுமே ஈர்ப்பு சம்பந்தப்பட்ட விஷயம், ஆனால் எதிரெதிர் திசை. ஊசலின் வித்தியாசத்தைப் பிழை என்று திருத்துகிறோம். அணுவின் வித்தியாசத்தை மட்டும் "அங்கே நேரமே அப்படித்தான்" என்கிறோம். இது என்ன நியாயம்?

நியாயம் இருக்கிறது. ஊசலின் பின்னடைவு ஊசலுக்கு மட்டும். பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் வைத்தால் அந்த இருபது வினாடி அதில் இருக்காது. ஆனால் அணுக் கடிகாரத்தில் வந்த மாற்றம் எந்த நல்ல கடிகாரத்துக்கும் அதே விகிதத்தில் வரும். சீசியம், ருபீடியம், ஸ்ட்ரான்ஷியம் எதை வைத்தாலும் சரி. மலை மேல் எல்லாம் ஒன்றாக மாறுவதால், மலை மேல் இருப்பவருக்கு எதுவுமே மாறின மாதிரி தெரியாது. கீழே உள்ளவரோடு ஒப்பிடும்போதுதான் தெரியும். ஒரு கருவிக்கு மட்டும் நடப்பது கருவியின் கோளாறு. விதிவிலக்கு இல்லாமல் எல்லாவற்றுக்கும் நடப்பது நேரம்.

1971 அக்டோபரில் ஹாஃபெலும் கீட்டிங்கும் நான்கு சீசியம் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகத்தைச் சுற்றினார்கள். கிழக்கே போன பயணத்தில் 59 நானோவினாடி குறைந்தது, மேற்கே போனதில் 273 கூடியது. கணக்கும் ஏறக்குறைய அதையே சொன்னது. கடிகாரம் கெட்டுப்போகவில்லை. ஒவ்வொரு கடிகாரமும் தான் போன பாதையின் சொந்த நேரத்தைக் காட்டியது, அவ்வளவுதான். நம் போனில் ஓடும் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோவினாடி முந்துகின்றன. அதைக் கழிக்காமல் விட்டால், ஒளி 38 மைக்ரோவினாடியில் போகும் 11 கிலோமீட்டர் நம் வரைபடத்தில் பிழையாக ஒவ்வொரு நாளும் சேரும்.

இதில் இன்னொரு நிபந்தனையும் ஒளிந்திருக்கிறது. நல்ல கடிகாரம் குலுக்கலுக்கு அசையக்கூடாது. லிஃப்ட் கிளம்பும்போதே ஊசல் தடுமாறும். கயிறு அறுந்து விழுந்தால் ஆடவே ஆடாது. இந்தச் சோதனையில் முதல் மார்க் வாங்கியது மியூவான் என்ற துகள். 1970-களில் செர்ன் ஆய்வகத்தில் மியூவான்களை வட்டப் பாதையில் ஓட்டினார்கள். சும்மா இருந்தால் சராசரியாக 2.2 மைக்ரோவினாடியில் சிதையும் துகள், அந்த வேகத்தில் 64 மைக்ரோவினாடி வாழ்ந்தது. வேகம் எவ்வளவு நீட்டவேண்டுமோ அவ்வளவு. வட்டத்தில் அது சந்தித்த முடுக்கம், பூமி ஈர்ப்பைப்போல் சுமார் பத்து லட்சம் லட்சம் கோடி மடங்கு. அந்த முடுக்கத்தால் தனியாக எந்த மாற்றமும் தெரியவில்லை.

அப்ப சரியான கடிகாரம் எது?

நான் புரிந்துகொண்டது இது. ஒன்று, ஓடுகிற விதி தெரிந்திருக்கவேண்டும். இரண்டு, தொந்தரவுகளை அளந்து கழிக்கத் தெரியவேண்டும். மூன்று, முற்றிலும் வேறு வகையில் ஓடுகிற கடிகாரங்கள் அதோடு ஒத்துப்போகவேண்டும். இதற்கெல்லாம் பிறகும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வித்தியாசம் மிஞ்சினால், அது நேரத்தைப் பற்றிய செய்தி.

மூன்றாவதில் "வேறு வகையில்" என்ற சொல்தான் முக்கியம். என் சர்வர் கதைக்கு வருகிறேன்.

ஒத்துப்போன அந்த இரண்டு சர்வர்களும் ஆபீஸுக்குள் இருந்த ஒரே ஒரு மெஷினிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தன. அந்த மெஷினுக்கு வெளியுலகத் தொடர்பு அறுந்து சில நாள் ஆகியிருந்தது. அது தன் போக்கில் முந்திக்கொண்டே போக, இரண்டு சர்வர்களும் விசுவாசமாகப் பின்னாலேயே போயின. இரண்டு சாட்சி என்று நான் எண்ணியது ஒரே சாட்சியின் இரண்டு நகல். பையனுடைய சர்வர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு வெளி இடங்களில் நேரம் கேட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. தனியாக நின்றதுதான் சரியாக ஓடியது.

முதல் மெயிலில் யாரெல்லாம் இருந்தார்களோ, அவ்வளவு பேரையும் சேர்த்து மன்னிப்பு மெயில் அனுப்பினேன். அது போன நேரத்தை லாக்கில் பார்த்தேன். மூன்று சர்வரிலும் ஒரே நேரம்தான் இருந்தது, அவன் செட்டிங்கைத்தான் எல்லாவற்றிலும் போட்டிருந்தோம்.